கார் ஷெட்டில் நின்றுபோன எண்ணிக்கை

என் கணவர் தியாகராசன் காலமாகி நாலு வருஷம் ஆகிறது. அவர் முப்பத்திரண்டு வருஷம் சயின்ஸ் வாத்தியாராக இருந்த பள்ளிக்கூடத்தில் ஏதோ மலர் போடுகிறார்களாம். அவரைப் பற்றி இரண்டு பக்கம் எழுதித் தரும்படி ஒரு வாத்தியார் வந்து கேட்டுவிட்டுப் போனார். நல்லாசிரியர், போட்டோ எடுப்பதில் கெட்டிக்காரர், அதிர்ந்து பேசாதவர் என்று எழுத வேண்டும். அவர்களுக்கு வேண்டியது அதுதான். ஆனால் பேனாவை எடுத்தால் எனக்குக் கார் ஷெட்தான் வருகிறது. ஒரு பெண்ணிடம் சொல்லியே தீர வேண்டிய ஒரு விஷயத்தை இந்த மனிதர் பன்னிரண்டு வருஷம் சொல்லாமல் வைத்திருந்தார். அதை எப்படிச் சொன்னார் என்பதைத்தான் எழுதப்போகிறேன். மலரில் போடமாட்டார்கள். போடாவிட்டால் போகட்டும்.

எங்கள் ஊர் நீடாமங்கலத்திலிருந்து மூன்று மைல். மாமனார் பஞ்சநதத்துக்கு ஒரு காலத்தில் எட்டு வேலி நிலம், ஐம்பது ஏக்கருக்கு மேல், இருந்தது. ஒரு கருப்புக் காரும் அதற்கொரு டிரைவரும் இருந்தார்கள். தாராசுரத்திலிருந்து எழுபதாம் வருஷம் நான் கல்யாணமாகி வந்தபோது காரை விற்றுவிட்டார்கள், டிரைவர் சொந்த ஊருக்குப் போய்விட்டான். ஷெட் மட்டும் கொல்லைப் பக்கம் நின்றது. மூன்று பக்கம் செங்கல் சுவர், மேலே தகரம், முன்னால் இரட்டைக் கதவு, அதில் ஒரு பெரிய தாழ்ப்பாள். பிறகு உச்சவரம்புச் சட்டத்தில் நிலத்தில் பாதி போயிற்று. எமர்ஜென்சி வருஷத்தில் மாமனாரும் போனார். அவருக்கு நான் அழுதேன். அப்போது எனக்கு ஒன்றும் தெரியாது.

என் கணவர் அந்த ஷெட்டுக்குள் கால் வைத்து நான் பார்த்ததில்லை. சைக்கிளைக்கூட வீட்டுக்குள் ரேழியில்தான் கொண்டுவந்து சாத்துவார். "அவ்வளவு பெரிய ஷெட் கெடக்கு, என் காலுல இடிக்கறதுக்கா இத இங்க வக்கிறீங்க?" என்று கத்துவேன். சிரித்துவிட்டுப் போய்விடுவார். சைக்கிளுக்குத் தூசி ஆகாதாம்.

அவருக்குப் போட்டோ பைத்தியம். கும்பகோணத்தில் ஒரு ஸ்டூடியோவை மூடும்போது பழைய என்லார்ஜர் ஒன்றை வாங்கிக்கொண்டு வந்தார். ஞாயிற்றுக்கிழமை ஆனால் என் சமையலறை ஜன்னலுக்குக் கம்பளி கட்டி, சிவப்பு பல்பு போட்டு, நான் மாவு கரைக்கிற தட்டுகளில் மருந்தைக் கரைத்துக்கொண்டு நிற்பார். ஹைப்போ வாசனை சாம்பாரில் ஏறும். எண்பத்தொன்றாம் வருஷம் சித்திரையில் எனக்குப் பொறுமை போயிற்று. "ஷெட்டுல பின்பாதிய மறிச்சு ஒரு ரூம் கட்டிக்கங்க. முன்பாதியில சைக்கிள விடலாம். ஒங்க மருந்து என் அடுப்பங்கரையில இனிமே நுழையக் கூடாது" என்று தீர்த்துச் சொன்னேன். மழுப்பினார். தகரம் சுடும் என்றார், தேள் இருக்கும் என்றார். நான் விடவில்லை. அந்த யோசனை முழுக்க என்னுடையது. பிறகு அவர் சொன்னார்: இடத்தை இடித்து வேறொன்றாக மாற்றிவிட்டால் அதுவும் போய்விடும் என்று நினைத்துத்தான் சம்மதித்தாராம்.

கொத்தனார் மருதையன் வந்தார். சித்தாளாகத் தன் அக்கா அம்சத்தைக் கூட்டிக்கொண்டு வந்தார்.

அம்சத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவளுக்கு அப்போது நாற்பத்திரண்டு, நாற்பத்து மூன்று இருக்கும். என்னைவிட மூத்தவள். ஆனாலும் வா, போ என்றுதான் கூப்பிடுவேன், எங்கள் பக்கத்தில் அப்படித்தான் பழகியிருந்தோம். அவள் புருஷன் வீரையன் எங்கள் வீட்டுப் பண்ணையாளாக இருந்தவன். என் கல்யாணத்துக்கு முந்தைய வருஷம் வயலில் பாம்பு கடித்து இறந்துபோனான் என்று எனக்குச் சொல்லியிருந்தார்கள். வரப்பில், ஒரு புற்றுக்குப் பக்கத்தில் கிடந்தானாம். அதிலிருந்து வெள்ளிக்கிழமை தவறாமல் அம்சம் அந்தப் புற்றுக்குப் பால் ஊற்றுகிறாள். புருஷனை எடுத்துக்கொண்ட நாகம் பிள்ளைகளை விட்டுவிட வேண்டும் என்று வேண்டுதல். அந்தப் பாலை எங்கள் மாட்டிலிருந்து நான்தான் கறந்து கொடுத்துவந்தேன். பதினோரு வருஷம். புண்ணியம் என்று நினைத்துக் கொடுத்தேன்.

இன்னும் ஒன்று. எங்களிடமிருந்து உபரியாக எடுத்த நிலத்தைச் சர்க்கார் அவர்கள் தெருவுக்குப் பிரித்துக் கொடுத்தபோது அம்சத்துக்கு இரண்டு மா, ஏக்கரில் முக்காலுக்குக் கொஞ்சம் குறைவு, விழுந்தது. விழுந்தது அந்தப் புற்றடி வயல். அவள் வேண்டாம் என்றுவிட்டாள். பிள்ளைகளை அந்த வரப்பில் இறங்க விடமாட்டேன் என்று தாசில்தாரிடமே சொன்னாள். ஐந்து வருஷமாக அந்த வயல் கோரை மண்டிக் கிடந்தது. கையில் நிலம் வந்தும் கூலிக்கு மண் சுமந்தாள். அவளுக்குக் கிறுக்கு என்று நானே பேசியிருக்கிறேன்.

ஷெட்டைக் காலி பண்ணியபோது பரணிலிருந்து ஓட்டைக் குடம், உர மூட்டை, கார் டயர் எல்லாம் இறங்கின. கடைசியில் இரும்புப் பட்டை போட்ட, நெல் அளக்கிற பழைய மரக்கால் ஒன்று வந்தது. மருதையன் அதைத் தட்டிப் பார்த்து, "நல்ல மரம்மா, பலா" என்றார். என் கணவர் அதை அவர் கையிலிருந்து வாங்கி, எங்கே வைப்பது என்று தெரியாமல் நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு மறுபடி பரணிலேயே போட்டார். இந்தப் பழைய மரக்காலுக்கு இத்தனை பதனமா என்று நான் கேலி செய்தேன்.

மூன்றாம் நாள் குறுக்குச் சுவருக்குக் கலவை போட்டார்கள். ஒரு சட்டி சிமெண்டுக்கு ஆறு சட்டி மணல். அம்சம் சட்டி சட்டியாக மணலை ஷெட்டுக்குள் கொட்டி எண்ணினாள்.

"லாபம்... ரெண்டு... மூணு..."

டெல்டாவில் நெல் அளக்கிறவர்கள் ஒன்று என்று தொடங்கமாட்டார்கள். முதல் மரக்காலுக்கு லாபம் என்றுதான் சொல்வார்கள், இரண்டாவதிலிருந்துதான் எண். களத்தில் வளர்ந்தவர்களுக்கு மணலை எண்ணினாலும் செங்கல்லை எண்ணினாலும் அப்படியேதான் வரும். தகரத்துக்குக் கீழே அந்தக் குரலும் மணல் சரிகிற சத்தமும் சேர்ந்து வந்தன. கையில் டேப்பை வைத்துக்கொண்டு நின்ற என் கணவர் பேயறைந்த மாதிரி ஆனார். வெளியே ஓடி முருங்கை மரத்தடியில் வாந்தி எடுத்தார்.

"வெயில் ஒத்துக்கல" என்றார். அம்சம்தான் ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அவள் கையிலிருந்து சொம்பை வாங்க அவருக்குக் கை வரவில்லை. நான் வாங்கிக் கொடுத்தேன். சாதி புத்தி எங்கே போகும் என்று எனக்கு அவர் மேல் கோபம் வந்தது.

பத்து நாளில் அறை முடிந்தது. எட்டடிக்குப் பன்னிரண்டடி. தகரத்துக்கும் சுவருக்கும் நடுவில் இருந்த இடுக்கையெல்லாம் மருதையன் சாந்து வைத்து அடைத்தார். ஊசி முனை வெளிச்சம் வராது. ஒரு தொட்டி, ஒரு குழாய், சிமெண்ட் மேடை, கருப்புப் பெயிண்ட் அடித்த ஒற்றைக் கதவு. இதைவிட நல்ல டார்க் ரூம் திருவாரூரில்கூடக் கிடையாது என்று நான் அக்கம்பக்கமெல்லாம் பெருமை அடித்தேன்.

அவரால் அதில் ஒரு படம் கழுவ முடியவில்லை. கதவைச் சாத்தமாட்டார். ஒரு சாண் திறந்து வைத்துக்கொண்டு பிலிமை எடுப்பார், அது வெளிச்சம் பட்டுக் கரியாக வரும். மூன்று ரோல் போயிற்று. மன்னார்குடித் தேரில் எடுத்த ரோல் அதில் ஒன்று. சயின்ஸ் வாத்தியாருக்கு வெளிச்சம் பட்டால் பிலிம் போகும் என்று தெரியாதா? நான் சிரித்துச் சிரித்துப் பார்த்தேன், பிறகு எரிச்சல் வந்தது. ஒரு நாள் பிற்பகல் அவர் உள்ளே நின்றபோது, "இப்ப என்ன பண்றீங்க பாப்போம்" என்று கதவை இழுத்து வெளியே தாழ் போட்டுவிட்டேன். விளையாட்டுத்தான். அடுப்பில் பால் இருந்த ஞாபகம் வர, ஓடிப்போய் இறக்கிவிட்டு, வாசலுக்கு வந்த பக்கத்து வீட்டுக்காரியோடு இரண்டு வார்த்தை பேசிவிட்டுத் திரும்பினேன். கால் மணி ஆகியிருக்கும்.

கதவுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. அவர் குரல் மாதிரியே இல்லை. களத்தில் அளக்கிறவன் இழுத்து இழுத்துப் பாடுகிற மாதிரி இருந்தது.

"நூத்திப் பன்னெண்டு... நூத்திப் பதிமூணு... நூத்திப் பதினாலு..."

அதோடு நின்றது. கொஞ்சம் பொறுத்து மறுபடி, "லாபம்... ரெண்டு..." என்று தொடங்கியது. தாழை எடுத்தேன். அவர் தரையில், மூலையில், முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சட்டை நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது.

அன்றைக்கு அந்தத் தரையிலேயே உட்கார்ந்து எனக்குச் சொன்னார்.

அறுபத்தொன்பதாம் வருஷம் மாசிக் கடைசி, தாளடி அறுப்பு. இரண்டு மாதத்துக்கு முன் மார்கழியில் கிழக்கே கூலி கேட்டவர்களைக் குடிசையில் வைத்து எரித்த கொடுமை பேப்பரிலெல்லாம் வந்து, மிராசுதார்கள் எல்லோரும் போலீசுக்குப் பயந்துகொண்டிருந்த நேரம். எல்லா ஊரிலும் கூலி நெல் கூடக் கேட்டு ஆட்கள் வேலைக்கு இறங்காமல் நின்றார்கள். மாமனார் கூட்டிக் கொடுக்கிறேன் என்று ஒத்துக்கொண்டார். ஒத்துக்கொண்டு, கூலி அளக்க ஒரு புது மரக்கால் செய்தார். அடி உயர்த்திய மரக்கால். பார்த்தால் தெரியாது, கையை உள்ளே விட்டால் தெரியும். எங்கள் களத்தில் வழக்கமாக அளக்கிறவன் வீரையன். அவன் புதுசையும் பழசையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எல்லோர் முன்னாலும் இரண்டிலும் நெல்லை நிரப்பிக் கொட்டிக் காட்டிவிட்டான்.

மத்தியானம் அவன் தனியாக வரப்பில் வரும்போது மாமனாரும் டிரைவரும் பிடித்து இழுத்து வந்து அடித்தார்கள். வெளியே காயம் தெரியாத அடி. பிறகு கார் ஷெட்டில் தள்ளினார்கள். ஷெட்டின் பின்பாதியில் அறுத்த நெல் குவிந்து கிடந்தது. அந்தப் பழைய மரக்காலையும் உள்ளே எறிந்து, "பெரிய அளவுகாரன்ல, இத பூரா அளந்துட்டு வாடா" என்றார் மாமனார். தாழ்ப்பாளைப் போட்டுப் பூட்டியது என் கணவர். சாவி அவரிடம்தான் இருந்தது. இருபத்தாறு வயசு, பி.எஸ்ஸி. படித்தவர்.

உள்ளே வீரையன் அளக்கத் தொடங்கினான். லாபம், ரெண்டு, மூணு. நெல் கொட்டுகிற சத்தம், பிறகு எண். தகரம் பழுக்கிற வெயில். பன்னிரண்டு மரக்கால் ஒரு கலம் என்று நிறுத்தி மறுபடி லாபத்தில் தொடங்குகிற வழக்கத்தை விட்டுவிட்டு நீட்டிக்கொண்டே போனான். "கொழுப்பு இன்னும் அடங்கல" என்றார் மாமனார். நூற்றுக்கு மேல் குரல் இறங்கிற்று. நூற்றிப் பதினாலில் நின்றது.

"நின்ன ஒடனே போய்த் தொறந்தீங்களா?" என்று கேட்டேன்.

"இல்ல. ரெண்டு மணி நேரம் கழிச்சு."

இருட்டுகிற நேரத்தில் திறந்தபோது அவன் குவியல் மேல் மரக்காலை அணைத்துக்கொண்டு கிடந்தான். உடம்பு அப்போதே விறைக்கத் தொடங்கியிருந்தது. காரில் போட்டுப் புற்றடி வயலுக்குக் கொண்டுபோனார்கள். மாமனார் மகனைப் பார்த்து, "நீ சயின்ஸ் படிச்சவன்தானே? பாம்பு கடிச்சா எப்படிப் பதிஞ்சிருக்கும்?" என்றார். என் கணவர் கருவேல முள்ளை ஒடித்து, அவன் காலில் இரண்டு குத்துக் குத்தினார். இரண்டுக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

நான் எழுந்து வெளியே வந்துவிட்டேன். ஆறுதல் சொல்லவில்லை, சொல்லத் தோன்றவும் இல்லை. அவர் அழுத அழுகை எனக்கு அருவருப்பாக இருந்தது. இந்தக் கையாலா எனக்குத் தாலி கட்டினார் என்று நினைத்தேன். அன்றிலிருந்து ராத்திரி பகல் என்று இல்லை, அரிசி களைந்தால், பருப்பைக் கொட்டினால், கொல்லையில் சருகு உதிர்ந்தால்கூட எனக்கு அந்தக் கொட்டுகிற சத்தம் கேட்டது. அடுத்து எண் வரும் என்று கை நின்றுபோகும்.

வெள்ளிக்கிழமை அம்சம் செம்போடு வந்தாள். நான் பால் ஊற்றினேன். வாயைத் திறக்கவில்லை. அவள் வயல் பக்கமாக நடந்து போவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அந்த ஒரு நாள் நானும் அவரும் ஒன்றுதான். அதை எழுதாமல் விட்டால் இதை எழுதுவதில் அர்த்தம் இல்லை.

அடுத்த வாரம் தாலுகா ஆபீசிலிருந்து தண்டோரா போட்டார்கள். ஒப்படைத்த நிலத்தில் இறங்காதவர்கள் ஆனி முப்பதுக்குள் இறங்க வேண்டும், இல்லாவிட்டால் பட்டா ரத்தாகி வேறு ஆளுக்குப் போகும். நிலம் வேண்டாம் என்று கைநாட்டு வைத்து எழுதிக் கொடுக்க அம்சம் தயாராக இருப்பதாக மருதையன் வருத்தப்பட்டுச் சொன்னார். "பாம்புக்குப் பயந்து சோத்த விடுது எங்கக்கா."

என் கணவரைப் போய்க் கேட்டேன். "இல்லாத பாம்புக்கு அந்தப் பொம்பள நெலத்த குடுக்கப் போவுது. சொல்லப் போறீங்களா, இல்லியா?"

"வேல போயிடும் பிரகதா. கேஸாவும்."

"ஆவட்டும். நீங்க சொல்லலேன்னா நான் சொல்லிடுவேன். நான் சொன்னா அது கோள். நீங்க சொன்னாத்தான் அது உண்ம."

இரண்டு நாள் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் வெள்ளிக்கிழமை. விடிந்ததும் குளித்து, வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு, ஷெட் வாசலில் போய் நின்றார். அம்சம் வந்து செம்பை நீட்டினாள். நான் பாலை ஊற்றினேன்.

"அம்சம், கொஞ்சம் இப்படி வாங்க" என்றார்.

வாங்க என்றதும் அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு தயங்கித் தயங்கி உள்ளே போனாள். நானும் போனேன். கருப்புக் கதவு, மேடை, காய்ந்த ட்ரே. அவளே மணல் சுமந்து கட்டிய அறை.

"ஒங்க வீட்டுக்காரர பாம்பு கடிக்கல" என்றார் அவர். அதற்குப் பிறகு நிறுத்தாமல் சொன்னார். மரக்கால், அடி, தாழ்ப்பாள், சாவி, எண்ணிக்கை, கார், முள். எதையும் அப்பா மேல் போடவில்லை. அதற்காக மட்டும் அவரை நான் மதித்தேன்.

அம்சம் செம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கடைசிவரை கேட்டுக்கொண்டாள்.

"முள்ளு எந்தக் கால்ல குத்துனீங்க?"

"எடது கால்ல. கணுக்காலுக்கு மேல."

"அங்கதான். நான் மஞ்ச அரச்சுப் பத்துப் போட்டன். வெசம் ஏறுன ஒடம்பு போற வழியில எரியக் கூடாதுன்னு." அவரை நிமிர்ந்து பார்த்தாள். "தண்ணி கேட்டாரா?"

"கேக்கல. எண்ணிகிட்டே இருந்தாரு. எண்ணுறவரைக்கும் தெம்பா இருக்காருன்னு நெனச்சேன்."

"நின்னப்ப?"

"நின்னப்ப... அடங்கிட்டான்னு நெனச்சேன்."

அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

"எத்தனயில நின்னுச்சு?"

"நூத்திப் பதினாலு."

வாய்க்குள் அதை ஒரு முறை சொல்லிப் பார்த்தாள். அவர் பரணிலிருந்து அந்த மரக்காலை இறக்கி அவள் முன்னால் வைத்தார். "இது அவரு கையில இருந்தது." செம்பைத் தரையில் வைத்துவிட்டு மரக்காலை எடுத்தாள். உள்ளே கையை விட்டு அடியைத் தடவிப் பார்த்தாள். இடுப்பில் வைத்துக்கொண்டு வாசல்வரை போய்த் திரும்பினாள்.

"நாளைக்கு எங்க தெருவுக்கு வந்து சொல்லுங்க. நான் சொன்னா யாரு நம்புவா? பன்னெண்டு வருசமா புத்துக்குப் பால் ஊத்துனவ நான்."

செம்பும் பாலும் அங்கேயே இருந்தன. பாலை நான் சாக்கடையில் கொட்டினேன். வீட்டுக்குள் எடுத்துப்போக மனசு வரவில்லை.

மறுநாள் போனார். நான் கூடப் போகவில்லை, அவரும் கூப்பிடவில்லை. மருதையன் அவர் சட்டையைப் பிடித்து அடித்துவிட்டார். உதடு கிழிந்து வந்தார். போலீசுக்குப் போவதா என்று அந்தத் தெருவில் இரண்டு நாள் பேச்சு நடந்தது. இவர் தான் செய்ததையெல்லாம் ஒரு காகிதத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டு அம்சத்திடம் கொடுத்தார். எப்போது வேண்டுமானாலும் ஸ்டேஷனில் கொடுங்கள் என்றார். அவள் அதை வாங்கித் தகரப் பெட்டியில் வைத்தாள். கொடுக்கவும் இல்லை, கிழிக்கவும் இல்லை. வாசலில் சைக்கிள் மணி கேட்டால் போலீஸ்தான் வந்துவிட்டதோ என்று இவர் எழுந்து பார்ப்பார். சாகிறவரைக்கும் பார்த்தார். எனக்கு இரக்கம் வந்த நாளும் உண்டு, நியாயம்தான் என்று தோன்றிய நாளும் உண்டு.

ஆனி முப்பதுக்கு நாலு நாள் முன்னால் அம்சம் பிள்ளைகளோடு புற்றடி வயலில் இறங்கினாள். மண்வெட்டியால் அவளே முதல் வெட்டுப் போட்டுப் புற்றைச் சரித்தாளாம். உள்ளே கறையான்தான் இருந்ததாம். கோரையை வெட்டி, உழுது, சம்பா நட்டார்கள்.

தை கடைசியில் மருதையன் வந்தார். அந்த அடிக்குப் பிறகு எங்கள் வாசலுக்கு அவர் வந்தது அதுதான் முதல் தடவை. வாசலிலேயே நின்று, "அளவுக்கு வாத்தியார அக்கா வரச் சொல்லுச்சு" என்றார்.

இரண்டு பேரும் போனோம். களத்தில் நெல் தூற்றிக் குவித்திருந்தது. தெரு முழுக்க வந்து நின்றது. இவரைப் பார்த்து யாரும் வா என்று சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. அம்சம் குவியலுக்கு முன்னால் கிழக்கே பார்த்து உட்கார்ந்திருந்தாள். பெண் பிள்ளை களத்தில் அளப்பது எங்கள் பக்கம் வழக்கம் இல்லை. கையில் அந்த மரக்கால். "உக்காருங்கம்மா" என்றாள் என்னிடம். "இருக்கட்டும், நீங்க அளங்க" என்றேன். அவளை நான் நீங்க என்று சொன்னது அப்போதுதான்.

மருதையன் சாக்கின் வாயை விரித்துப் பிடித்தார். அம்சம் மரக்காலை நிரப்பி, மேலே குவிந்ததை வழித்து, சாக்கில் கொட்டினாள். லாபம் என்ற சொல்லுக்காகக் களமே காத்திருந்தது.

"நூத்திப் பதினஞ்சு" என்றாள்.

மருதையன் தலை நிமிர்ந்து பார்த்தார். அவள் அடுத்த மரக்காலை நிரப்பினாள்.

"நூத்திப் பதினாறு... நூத்திப் பதினேழு..."

என் கணவர் வெயிலில் நின்றார். அளவு நானூற்றைத் தாண்டி முடிய மத்தியானம் ஆயிற்று. அதுவரைக்கும் அவர் நகரவில்லை. நிழலுக்கு வாங்க என்று நானும் கூப்பிடவில்லை.